குளத்து மீனுக்கு ஓர் ஆழாக்கு

கோயில் குளத்துப் படியில் அமர்ந்து மீன்களுக்குப் பொரி இடாத குடும்பம் நம்மிடையே அரிது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளமாயினும், சிருங்கேரியில் சாரதாம்பாள் ஆலயத்தை ஒட்டி ஓடும் துங்கை நதியாயினும், தரிசனம் முடிந்ததும் குழந்தைகள் முதலில் கேட்பது பொரிப் பொட்டலத்தைத்தான். இல்லறத்தார் நாள்தோறும் ஆற்ற வேண்டியவை என்று சாத்திரங்கள் வகுத்த ஐந்து வேள்விகளுள் பூத யக்ஞமும் ஒன்று. பிற உயிர்களுக்கு உணவளிப்பதே அந்த வேள்வி. காக்கைக்கு ஒரு பிடி சோறு, பசுவுக்கு அகத்திக்கீரை, எறும்புக்கு அரிசிமாக் கோலம், மீனுக்குப் பொரி என்று அது நம் வீடுகளில் எளிய வழக்கமாக நிலைத்துவிட்டது.

எளிய வழக்கம் என்பதாலேயே அதைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. இடுகிறோம், கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறோம். இட்டது யார் வயிற்றுக்குப் போயிற்று, அதனால் நன்மை விளைந்ததா என்று நின்று பார்ப்பவர் சிலரே. அப்படி நின்று பார்க்கும்படி நேர்ந்த ஒருவருடைய அனுபவம் இது.

காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர். அங்குள்ள சிவாலயத்தின் எதிரே அரை ஏக்கர் பரப்பில் ஒரு திருக்குளம். நான்கு புறமும் கருங்கல் படிகள். நடுவே சிறிய நீராழி மண்டபம். வாய்க்காலில் தண்ணீர் வரும் மாதங்களில் குளம் நிறையும். கோடையில் பத்துப் படிகள் வெளியே தெரியும். சில ஆண்டுகளுக்கு முன்பு குளம் தூர்வாரப்பட்டபோது, உபயதாரர் ஒருவர் கட்லா, ரோகு, மிர்கால் என்னும் மூவகைக் கெண்டைக் குஞ்சுகளை வாங்கிவந்து விட்டார். சுவாமி குளத்து மீனை யாரும் பிடிப்பதில்லை என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஆகவே அவை முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, குளத்தின் குடிமக்களாகவே ஆகிவிட்டன.

அந்த ஊரில் அரிசி ஆலையொன்றில் நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர் ஒருவர் இருந்தார். ஊரார் அவரைக் கணக்குப்பிள்ளை ஐயா என்றே அழைத்தனர். மீன்களுக்கு உணவிடும் கைங்கரியம் உண்மையில் அவருடையதன்று, அவருடைய மனைவியுடையது. குஞ்சுகள் விடப்பட்ட நாள் முதலாக, வீட்டு வேலைகளை முடித்துக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு ஒரு பித்தளை ஆழாக்கை எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் குளக்கரைக்குப் போவார். மாட்டுக்குக் கரைப்பதற்காக ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கில் கொஞ்சம், ஆலையிலிருந்து வரும் தவிட்டில் கொஞ்சம், இரண்டையும் பிசைந்து நெல்லிக்காய் அளவில் உருட்டி, படியோரத்தில் ஒவ்வொன்றாக நீருக்குள் நழுவவிடுவார். ஏழெட்டு ஆண்டுகள் இது தவறாமல் நடந்தது.

ஒரு மாசி மாதத்தில் அந்த அம்மாள் காலமானார். நோய் முற்றிய நாட்களில் கணவரிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: 'குளத்து மீனை மட்டும் மறந்துடாதீங்க.'

கணக்குப்பிள்ளை மறக்கவில்லை. பதினாறு நாட்கள் கழிந்ததும் தாமே குளக்கரைக்குப் போகத் தொடங்கினார். ஆனால் மனைவி செய்ததைக் காட்டிலும் சிறப்பாகச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மாட்டுத் தீவனத்தில் மிஞ்சியதை இடுவது அவருக்கு மனம் ஒப்பவில்லை. தெய்வ காரியத்துக்குப் பொரியே தூய்மை என்று கருதினார். ஓர் ஆழாக்கு என்பதும் சிறியதாகப்பட்டது. எட்டு ஆழாக்கு கொண்டது ஒரு படி. நாள்தோறும் முழுப் படி பொரி இடுவதென்று முடிவு செய்தார். நேரத்தையும் மாற்றினார். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் குளத்தில் நீராடி, திருநீறு அணிந்து, சூரியன் தோன்றுமுன் பொரியைத் தூவிவிடுவார்.

அந்த வேளையில் அவர் கண்ட காட்சி அவரை உருகச் செய்தது. நூற்றுக்கணக்கான மீன்கள் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடியபடி நிற்கும். தம் மனைவியின் கைச்சோற்றுக்குப் பழகிய வாய்கள் பசியோடு காத்திருக்கின்றன என்று அவர் எண்ணினார். எட்டு மாதங்கள் இந்த எண்ணமே அவருடைய துயரத்துக்கு மருந்தாக இருந்தது.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் குளத்துக்கு வாத்துகள் வந்தன. வேறூரில் வாழும் ஒரு குடும்பத்தார், தங்கள் குழந்தை நோய் நீங்கிப் பிழைத்ததற்குக் காணிக்கையாக ஆறு நாட்டு வாத்துகளைக் குளத்தில் விட்டுச் சென்றனர். குளத்துக்கு அழகுதான் என்று எல்லோரும் மகிழ்ந்தனர். சில மாதங்களில் ஆறு பதினான்காயிற்று.

அழகு ஒருபுறம் இருக்க, கணக்குப்பிள்ளையின் கைங்கரியத்துக்கு அவை பெரும் இடையூறாயின. பொரியின் ஓசை கேட்டதுமே பதினான்கும் வரிசையாக நீந்தி வந்துவிடும். பொரி நீரில் மிதப்பது. மீன் கீழிருந்து எழுந்து, வாய் திறந்து, அதை ஒவ்வொன்றாக உறிஞ்ச வேண்டும். வாத்துக்கு அந்தச் சிரமம் இல்லை. அதன் அலகின் ஓரங்களில் சீப்புப் பற்களைப் போன்ற வடிகட்டி உண்டு. அலகை நீரில் வைத்துத் தள்ளிக்கொண்டே போனால் நீர் வெளியேறிவிடும், தீனி உள்ளே தங்கிவிடும். மெல்ல வேண்டிய தேவையும் அதற்கில்லை. ஒரு படிப் பொரி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மீன்களோ வாயைத் திறந்தபடியே நிற்கும்.

கணக்குப்பிள்ளை இரண்டு படி கொண்டுவந்தார். வாத்துகள் இரண்டு படியையும் தின்றன. தின்ன இயலாதது காற்றில் ஒதுங்கி, படியோரத்தில் ஊறி, வெண்ணிறக் கூழாகத் தேங்கியது. ஒரு மூங்கில் கழியைக் கொண்டுவந்து நீரை அடித்து விரட்டினார். கழிக்கு எட்டாத தூரத்தில் நின்று, அவர் கை ஓய்ந்ததும் அவை திரும்பி வந்தன. பிறகு சிறு கற்களை எறியத் தொடங்கினார். படவேண்டும் என்று எறியவில்லை, பயமுறுத்தவே எறிந்தார். எனினும் ஒரு நாள் ஒரு கல் ஒரு பெட்டை வாத்தின் காலில் பட்டுவிட்டது. அது நொண்டிக்கொண்டே படியேறியதை அவர் பார்த்தார். மனம் சுருக்கென்றது. ஆயினும் தவறு வாத்தினுடையதே என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

இறுதியில் கோயில் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார். கணக்கெழுதிப் பழகிய கை. காரணங்களை எண் வரிசையிட்டு எழுதியது. மீன்களுக்கு என்று பக்தர்கள் இடும் உணவை வாத்துகள் கவர்கின்றன. அவற்றின் எச்சத்தால் குளம் பச்சை பூக்கிறது. ஆகவே அவற்றை அகற்ற வேண்டும். ஊரார் முப்பது பேர் கையொப்பமிட்டனர். அலுவலகத்தார் ஆலோசித்து, மகாளய அமாவாசை கழிந்ததும் வாத்துகளை ஒரு வியாபாரியிடம் விற்று, பணத்தைத் திருப்பணி உண்டியலில் சேர்ப்பதென்று முடிவெடுத்தனர். வியாபாரி அவற்றை எங்கே கொண்டுபோவார் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கணக்குப்பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அதை அவர் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

எண்ணிப் பார்க்க வைத்தவர், கோபுர வாசலில் பொரிப் பொட்டலம் விற்கும் அம்மாள். ஒரு மாலை அவர் நேரிடையாகவே கேட்டுவிட்டார்.

'ஐயா, நான் படிக்காதவ. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. மீனுக்குப் போடறது புண்ணியம்னு வரவுல எழுதிக்கிறோம். பதினாலு வாத்தைக் கறிக்கு அனுப்பறதை எந்தப் பக்கத்துல எழுதறது?'

வாழ்நாள் முழுவதும் வரவும் செலவும் நேராகப் பொருந்தும்படி எழுதியவருக்கு, அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. பதில் கூறாமல் கோயிலுக்குள் நடந்தார்.

உள்ளே, அர்த்தஜாம பூஜைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த முதிய குருக்களிடம் மனத்தில் இருந்ததைக் கொட்டினார். குருக்கள் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. திருவிளையாடற் புராணத்தில் வரும் நாரையின் வரலாற்றை நினைவூட்டினார்.

பாண்டி நாட்டில் ஒரு குளத்து மீன்களைத் தின்று வாழ்ந்த நாரை, அந்தக் குளம் வற்றியதால் வேறொரு நீர்நிலையைத் தேடிச் சென்றது. அங்கே முனிவர்கள் நீராடும்போது மீன்கள் அவர்கள் மேனியில் தவழ்ந்து விளையாடின. அதைக் கண்ட நாரைக்கு, அந்த மீன்களைத் தின்ன மனம் வரவில்லை. முனிவர்கள் மதுரையின் பெருமையைப் பேசக் கேட்டு, பறந்து சென்று பொற்றாமரையில் நீராடிச் சொக்கநாதரை வலம்வந்தது. ஒரு நாள் பசி வாட்டியது. பொற்றாமரையில் மீன்கள் துள்ளின. உண்ண நினைத்த அக்கணமே தன்னை அடக்கிக்கொண்டது. பெருமான் காட்சி தந்து, வேண்டும் வரம் யாது என்று கேட்டபோது, நாரை தனக்குச் சிவலோகத்தை வேண்டியதோடு நிற்கவில்லை. தன் இனத்துப் பறவைகள் இத்தீர்த்தத்து மீனைத் தின்று பாவம் கொள்ளாதிருக்க, இங்கே என்றும் மீன் இல்லாமற் போக வேண்டும் என்றும் வேண்டியது. பொற்றாமரையில் மீன் இல்லாமைக்கு மரபு சொல்லும் காரணம் இதுதான்.

'அந்த நாரைக்கு மீன் மேலயும் இரக்கம் இருந்தது, பறவை மேலயும் இரக்கம் இருந்தது' என்றார் குருக்கள். 'ஒண்ணுக்காக இன்னொண்ணை வெறுக்கலை. நம்ம குளத்துல ரெண்டையும் கொண்டுவந்து விட்டது மனுஷாதான். அதுகள் தானா வந்து சண்டை போட்டுக்கலை. வழி பண்ண வேண்டியதும் மனுஷாதானே?'

கணக்குப்பிள்ளை அன்றிரவு உறங்கவில்லை. ஆனால் வழி இன்னதென்று அவருக்குத் தெரியவில்லை.

மகாளய அமாவாசை வந்தது. முன்னோருக்குத் தர்ப்பணம் செய்தவர்கள் எல்லோரும் குளத்து மீன்களுக்கு உணவிட்டனர். பொரி, அவல், எள்ளுருண்டை, சோறு, பிஸ்கட்டு என்று காலை முதல் மாலை வரை நீரில் விழுந்தவண்ணம் இருந்தன. வாத்துகள் நண்பகலுக்குள்ளாகவே தெவிட்டி, நீராழி மண்டபத்தில் ஏறி உறங்கிவிட்டன. மீன்களும் ஒரு நிலைக்குப் பின் எழவில்லை. ஆனால் இடுபவர்கள் நிறுத்தவில்லை. அன்றும் மறுநாளும் வானம் மூடியே கிடந்தது, காற்றும் அசையவில்லை.

மூன்றாம் நாள் விடியலில் கணக்குப்பிள்ளை படித்துறைக்கு வந்தபோது, குளத்தின் மேற்பரப்பெல்லாம் மீன் வாய்களாக இருந்தன. படியோரத்தில் வெள்ளை வயிறு தெரிய இருபத்துமூன்று மீன்கள் மிதந்தன. எல்லாம் பெரியவை, எல்லாம் அவர் மனைவியின் கையால் வளர்ந்தவை.

ஊர் கூடிவிட்டது. வாத்தின் எச்சம்தான் நஞ்சாயிற்று என்றார் ஒருவர். இன்றே விற்றுவிடுங்கள் என்றார் இன்னொருவர். அப்போது, பக்கத்து ஊரில் ஏரி குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் ஒருவரை யாரோ அழைத்துவந்தனர். அவர் நீரைக் கையில் அள்ளி முகர்ந்தார். செத்த மீன்களைப் புரட்டிப் பார்த்தார்.

'விஷமில்லீங்க. விஷம்னா சின்னது பெரிசு எல்லாம் சேர்ந்து போயிருக்கும். பெரிய மீனா பாத்துச் செத்திருக்கு. மூச்சு முட்டிப் போச்சு' என்றார். உடனே கோயில் மோட்டாரை இயக்கச் சொல்லி, குளத்து நீரையே இறைத்து, உயரத்திலிருந்து சிதறி விழும்படி மீண்டும் குளத்தில் பாய்ச்சச் செய்தார். இளைஞர்கள் நால்வர் இறங்கி, தேங்கியிருந்த பொரிக் கூழைக் கூடைகூடையாக அள்ளி வெளியேற்றினர். வெயில் தலைகாட்டிய பின், எஞ்சிய மீன்கள் மெல்ல மெல்ல ஆழத்துக்கு இறங்கின.

பிறகு அவர் படியில் அமர்ந்து விளக்கினார். நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைக் கொண்டே மீன் உயிர் வாழ்கிறது. பகலில் வெயில் படும்போது குளத்துப் பாசி அந்த வாயுவை உண்டாக்கும். இரவில் பாசியும் மீனும் மற்ற எல்லா உயிர்களும் அதைச் செலவிடும். ஆகவே ஒரு நாளில் அது மிகவும் குறைந்திருக்கும் நேரம், சூரியன் தோன்றுவதற்குச் சற்று முந்திய நேரமே. மேகமூட்டம் இருந்தால் பகல் வரவும் குறையும். அதனோடு தின்னாமல் எஞ்சிய தீனி அழுகினால், அந்த அழுகல் இருக்கும் வாயுவையும் உறிஞ்சிவிடும். பெரிய மீனுக்குத் தேவை அதிகம். அதுவே முதலில் வீழும்.

கணக்குப்பிள்ளையின் நா வறண்டது. 'தினமும் விடிகாலையில மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து நிக்குமே?' என்று கேட்டார்.

'அது பசியில்லீங்க ஐயா. காத்துக்கு ஏங்குறது.'

எத்தனையோ விடியல்களில் மூச்சுக்குத் தவித்து நின்ற வாய்களைப் பசித்த வாய்கள் என்று எண்ணி அவர் பொரி தூவியிருக்கிறார். தூவியதில் பெரும்பங்கு அந்த மூச்சையே இன்னும் குறைத்திருக்கிறது. வாத்துகள் தின்று தீர்த்த பங்கு மட்டுமே குளத்தில் அழுகாமல் தப்பியது. விரட்டப்பட்டவை ஒருவகையில் குளத்துக்கு உதவியே செய்திருக்கின்றன.

வாத்தின் எச்சத்தைப் பற்றியும் அந்த மீன் வளர்ப்பவர் மறைக்காமல் பேசினார். எச்சம் மிகுந்தால் கேடுதான். ஆனால் வங்கத்திலும் அசாமிலும் மீன் குளத்திலேயே வாத்து வளர்ப்பது நெடுநாளைய வழக்கம். எச்சம் உரமாகி நுண்ணுயிர்களைப் பெருக்கும். அவற்றை மீன் உண்ணும். வாத்து நத்தையையும் பூச்சிப் புழுக்களையும் தின்று குளத்தைத் துப்புரவு செய்யும். ஒரு ஹெக்டேர் குளத்துக்கு 200 முதல் 300 வாத்துகள் வரை விடலாம் என்பது மீன்வளர்ப்போர் கொள்ளும் கணக்கு. விரல் நீளமும் இல்லாத குஞ்சுகளை மட்டும் வாத்து விழுங்கிவிடும். வளர்ந்த மீனை அது ஒன்றும் செய்யாது. கணக்குப்பிள்ளை மனத்துக்குள் வகுத்துப் பார்த்தார். அரை ஏக்கர் என்பது ஹெக்டேரில் ஐந்தில் ஒரு பங்கு. நாற்பது வாத்துக்கே இடமிருக்கிறது; இருப்பவை பதினான்கு.

'அப்ப மீனுக்கு என்னதான் போடறது?'

கட்லா ஒன்றே மேல்மட்டத்தில் இரை தேடுவது. ரோகு நடுநீரில் மேயும். மிர்கால் அடியில் மேயும். மிதக்கும் பொரியால் மூன்றில் இரண்டு இனத்துக்குப் பெரிய பயன் இல்லை. பொரியில் மாவுச்சத்தன்றி வேறு சத்தும் குறைவு. கெண்டை இனத்துக்கு இரைப்பை என்று தனியே ஓர் உறுப்பு கிடையாது; ஒரேயடியாக உண்டு சேமித்து வைக்க அதனால் இயலாது; கொஞ்சம் கொஞ்சமாகவே உண்ணும். அதற்கு ஏற்றது கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சம அளவில் பிசைந்த உருண்டை. நீரில் அமிழ்வதால் அது மேலே மிதக்கும் வாத்தின் அலகில் சிக்காது. ஆந்திரத்தில் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள பண்ணைகளில், துளையிட்ட பைகளில் இந்தத் தீனியை நிரப்பி, மூங்கில் கழிகளில் கட்டி நீருக்குள் தொங்கவிடுவார்கள். மீன்கள் துளைகளில் வாய் வைத்து உறிஞ்சும். தலையைக் கவிழ்த்து வாலை மேலே தூக்கி வாத்து எட்டினாலும், அதன் கழுத்து எட்டும் ஆழத்துக்கு மேல் அதனால் எட்ட முடியாது. மூன்று அடிக்குக் கீழே இருக்கும் பை மீனுக்கே உரியது.

'விக்கிறதுக்கு வளர்க்கிற மீனுக்குத்தான் உடம்பு எடையில நூத்துக்கு ரெண்டு பங்கு, மூணு பங்குன்னு தீனிக் கணக்கெல்லாம். இது சாமி மீன். குளத்துலயே பாசியும் புழுவும் இருக்கு, பட்டினி கிடக்காது. நீங்க கொடுக்கறது பிரியத்துக்கு. பிரியத்துக்குக் கொஞ்சம் போதுங்க ஐயா. வெயில் ஏறினப்புறம் கொடுங்க. மூட்டமா இருந்தா கொடுக்காதீங்க.'

அருகில் நின்ற பொரிக்கார அம்மாள், யாரும் கேளாமலே சொன்னார்: 'பெரியம்மா அப்படித்தான் செய்வாங்க. வெயில் வந்தப்புறம்தான் வருவாங்க. மூட்டம் போட்ட நாள்ல வந்து உக்காந்து பாத்துட்டுப் போயிடுவாங்க. ஏன்னு கேட்டா, இன்னிக்கு அதுங்களுக்குப் பசிக்காதும்பாங்க. அவங்க பொறந்த வீட்டுக் கொல்லையில குளம் இருந்துச்சாமே.'

வீட்டு வேலை ஒழியாததால் தாமதமாகப் போகிறாள் என்றே கணவர் இத்தனை காலமும் எண்ணியிருந்தார். ஆழாக்குச் சிறியது என்று அவர் கருதியதற்குள் ஒரு நிறைந்த அறிவு இருந்தது. தீவனத்தில் மிஞ்சியது என்று அவர் ஒதுக்கியதே மீனுக்கு உகந்த உணவாக இருந்தது. அவரோ அன்பைப் படிக்கணக்கில் பெருக்கினார். அவளிடம் ஒரு நாளும் கேட்டறிந்ததில்லை.

அன்று பிற்பகலே அலுவலகத்துக்குச் சென்று மனுவைத் திரும்பப் பெற்றார். கையொப்பமிட்ட முப்பது பேரையும் வீடு வீடாகச் சென்று சந்தித்து, தாம் எழுதியது பிழை என்று சொன்னார். அறுபத்தெட்டு வயதில் முப்பது வாசல்களில் நின்று அப்படிச் சொல்வது எளிதன்று. சிலர் சிரித்தனர், சிலர் கோபித்தனர். 'இருபத்துமூன்று மீன் செத்தும் வாத்துக்கா பரிகிறீர்?' என்று கேட்டவர்களும் உண்டு. அவர் பொறுமையாகக் காரணத்தை விளக்கினார். வாத்து விற்பனை நின்றது.

இப்போது அந்தக் குளத்தில் ஒழுங்கு ஒன்று நிலவுகிறது. காலையில் மேற்குப் படித்துறையில், ஊறவைத்த நெல் வாத்துகளுக்கு முதலில் வைக்கப்படுகிறது. இரண்டே வாரங்களில் அவை இடத்தையும் நேரத்தையும் பழகிக்கொண்டன. ஒன்பது மணிக்குமேல், கிழக்குப் படித்துறையை அடுத்து நடப்பட்ட இரண்டு மூங்கில் கழிகளில் துளையிட்ட பை நீருக்குள் இறங்குகிறது. மாலையில் அதை வெளியே எடுத்துப் பார்க்கிறார்கள்; மிச்சம் இருந்தால் மறுநாள் அளவைக் குறைக்கிறார்கள். குளத்து நீர் கண்ணாடியாகிவிடவில்லை. வெயில் காலத்தில் இன்னும் பச்சை படிகிறது. ஆயினும் அதன்பின் மீன்கள் கூட்டமாக மடியவில்லை.

பொரிக்கார அம்மாளின் பிழைப்பு என்னவாகும் என்ற கவலையும் எழாமலில்லை. அதற்கும் வழி பிறந்தது. மீனுக்குப் பிண்ணாக்கு உருண்டையும் வாத்துக்குச் சிறு நெல் பொட்டலமும் இப்போது அவரே விற்கிறார். 'ரெண்டு உசுருக்கும் என் கையாலதான் போகுது' என்று அவருக்குப் பெருமை. ஐப்பசி பிறந்தால் நெற்றியில் வெள்ளை நாமம் இட்டதுபோன்ற நாமக்கோழிகளும் அந்தக் குளத்துக்கு விருந்தாளிகளாக வருவதுண்டு. அவற்றை இப்போது யாரும் விரட்டுவதில்லை.

கோயில் குளங்களுக்குச் செல்லும் நாமும் இவற்றை நினைவிற் கொள்ளலாம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால், அது உணவுக்கான அழைப்பாக இல்லாமலும் இருக்கலாம். மேகமூட்டமான நாளில் கையை அடக்கிக்கொள்வது நல்லது. நமக்கு முன்பே பலர் இட்டு, உணவு நீரில் மிதந்துகொண்டிருந்தால், நம் பங்கை வேறோர் உயிருக்குத் திருப்பலாம். பிஸ்கட்டும் எள்ளுருண்டையும் நமக்கு இனிப்பவை. மீனுக்கு உரியவை அல்ல. பறவை வந்து கவர்ந்தால் அதன்மீது சினம் வேண்டா. அதற்கும் ஒரு பிடி தனியே வைத்துவிட்டு, மீனுக்கு உரியதை நீருக்குள் அமிழவிடலாம். உணவு பொட்டலத்தில் இருந்தால், உறையைக் குளத்தில் எறியாமல் கையோடு கொண்டுவருவதும் வேள்வியின் ஒரு பகுதியே.

கார்த்திகை மாதத்து மூட்டமான ஒரு காலைப் பொழுது. கணக்குப்பிள்ளை ஐயா வழக்கம்போல் ஒன்பது மணிக்குக் கிழக்குப் படித்துறைக்கு வந்தார். கையில் பித்தளை ஆழாக்கு இருந்தது. அதில் அவரே பிசைந்த உருண்டைகள் இருந்தன. வானத்தைப் பார்த்தார். ஆழாக்கை மேல்துண்டால் மூடிப் பக்கத்தில் வைத்துவிட்டு, படியில் அமர்ந்து, கைகூப்பி, நீரையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கோயிலுக்குள் போனார்.

'இன்னிக்கு ஒண்ணும் போடலையா ஐயா?' என்று பொரிக்கார அம்மாள் கேட்டார்.

'இன்னிக்கு அதுங்களுக்குப் பசிக்காதும்மா' என்றார் அவர்.